துண்டுக்கடியில் இரண்டு விரல்

19.3.2020, வியாழன்

இன்று சந்தையில் மாரப்பன் என்னை ஆயிரம் ரூபாய்க்கு ஏமாற்றிவிட்டான்.

முப்பத்தொரு வருடப் பழக்கம். நான் தரகர்களுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவனும் பக்கத்தில் கயிறு பிடித்துக்கொண்டு நின்றவன். பிறகு இருவரும் சொந்தமாக மாடு வாங்கி விற்க ஆரம்பித்தோம். அவன் இப்படிச் செய்வான் என்று நான் நினைக்கவே இல்லை.

இந்த டைரியைச் சர்க்கரை டாக்டர் கொடுத்தார். மருந்துக் கம்பெனிக்காரன் அவருக்குக் கொடுத்ததாம். "சென்னியப்பன், தினமும் படுக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் எழுதுங்க. சர்க்கரை எவ்வளவு, என்ன சாப்பிட்டீங்க, பாதம் எப்படி இருக்கு. அடுத்த மாசம் நான் படிப்பேன்" என்றார். படிக்கப்போகிறவர் மாடு வாங்கியிருக்க மாட்டார். ஆகவே அவருக்காக விளக்குகிறேன்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொள்வோம். விற்கிறவன் வாங்குகிறவனின் விரல்களைப் பிடிப்பான். நாற்பதாயிரம் என்று முகத்தைப் பார்த்தே புரிந்துவிடும். அதற்குமேல் எத்தனை ஆயிரம் என்பதுதான் விரல். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைப் பிடித்தால் மூன்று. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தலையாட்டித் துண்டை எடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. துண்டை எடுத்தபின் பேச்சில்லை. அடித்துக்கொண்டாலும் விலை மாறாது.

மாரப்பன் கொண்டுவந்தது செவலைப் பசு, இரண்டாம் ஈத்து, கன்றோடு. எனக்குப் பிடித்துவிட்டது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். எந்த மாடாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது குளம்பைத்தான். சுத்தமாக இருந்தது. துண்டுக்கடியில் அவன் மூன்று விரலைப் பிடித்தான். தலையாட்டினேன். துண்டை எடுத்தோம். பணம் கொடுக்கும்போது நாற்பத்து நாலு என்கிறான்.

"மூணுதானடா புடிச்சே?"

"நாலுங்ணா. சுண்டுவெரலையுஞ் சேத்துத்தான் புடிச்சேன்."

"எங்கிட்டயேவா?"

"ஏனுங்ணா, உங்ககிட்ட நான் பொய் சொல்லுவனா?"

பேச்சில்லை என்பது சட்டம். நாற்பத்து நாலாயிரத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். இனி அவனோடும் பேச்சில்லை.

சர்க்கரை: 148. சாப்பாடு: அளவாக. பாதம்: இரண்டும் இருக்கின்றன.

22.3.2020, ஞாயிறு

கொரோனா வைத்தியம் பார்க்கிறவர்களுக்காகச் சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் கை தட்டினார்கள். நாச்சம்மாள் தாம்பாளத்தை எடுத்துத் தட்டினாள். செவலைப் பசு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அதைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நாச்சம்மாள் என் மனைவி. டாக்டருக்குத் தெரியும், மாதாமாதம் என்னைக் காட்டிக்கொடுக்க என்கூடவே வருகிறவள்.

சர்க்கரை: 152. ஓடியதில் ஏறியிருக்கும். பாதம்: இரண்டும் இருக்கின்றன.

25.3.2020, புதன்

சந்தை இல்லை. ஊரடங்கில் பஸ் இல்லை. டாக்டரும் இல்லை.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். கம்பவுண்டர் எடுத்தார். "டாக்டருக்கு அறுபத்தெட்டு வயசாச்சுங்க. அவங்க பையன் அங்க அமெரிக்காவுலேர்ந்து சொல்லீட்டாரு, கதவைத் தொறக்கவே கூடாதுன்னு." எனக்கு ஐம்பத்தொன்பதுதான். ஆனாலும் நியாயம் நியாயந்தான். கடைக்காரன் தன்னை முதலில் காப்பாற்றிக்கொண்டால்தான் கடை மிஞ்சும்.

கையில் இருப்பது முப்பது நாள் மாத்திரை. ஒரு நாளைக்கு இரண்டு. நான் யோசித்தேன். ஒரு நாளைக்கு ஒன்று போட்டால் அறுபது நாள் வரும். தீவனம் தட்டுப்படும் மாசி பங்குனியில் மாட்டுக்குப் பாதி போட்டு ஓட்டுவதில்லையா? மாடு செத்தா போகிறது?

இந்த யோசனையை நாச்சம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மாடு சாகறதில்லீங்க. பால் கொறஞ்சு போகும்" என்றாள்.

"நான் பால் கறக்கிறதில்லையே" என்றேன். அவள் பால் கறக்கப் போய்விட்டாள்.

3.4.2020, வெள்ளி

சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது. டவுன் மெடிக்கலில் அடுத்த வாரம் வரும் என்கிறார்கள். அது போன வாரமும் சொன்னதுதான்.

எனக்கென்ன கவலை? ஒரு மாட்டை நின்று பார்த்தால் எடை எவ்வளவு, எத்தனை லிட்டர் கறக்கும் என்று சொல்லிவிடுவேன். அரை லிட்டர் முன்னே பின்னே இருக்கலாம். என் சர்க்கரையை என்னால் மதிக்க முடியாதா? கண்மதிப்பு: 140.

நாச்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "மதிப்புத்தானுங்களே போடறீங்க? நூத்திப்பத்துன்னு போட்டுக்கங்க. நம்ம கையில இருந்தா போகுது?"

"படிக்கிறவர் நம்ப வேண்டாமா?" என்றேன்.

வீட்டோடு இருப்பதால் எனக்கு உத்தியோகம் கொடுத்திருக்கிறாள். இன்று இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன். அரிவாள்மனையில் சுண்டுவிரல் பட்டு வெங்காயமெல்லாம் சிவந்துவிட்டது. அவள் சத்தம் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வலியே இல்லை. முப்பது வருடம் கயிறு பிடித்த கை, தோல் அப்படி.

பாதம்: இரண்டும் இருக்கின்றன.

9.4.2020, வியாழன்

வியாழக்கிழமை காலை என்றால் எனக்கு நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடும். சந்தை இல்லாவிட்டாலும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டு, டயர் செருப்பை மாட்டிக்கொண்டு கட்டுத்தரைக்கும் தோட்டத்துக்கும் நாலு நடை நடந்தேன். இருக்கிற ஆறு மாட்டுக்கும் மனசுக்குள் விலை போட்டேன். நல்ல லாபம்.

மத்தியானம் உள்ளே வந்து உட்கார்ந்தேன். நாச்சம்மாள் கூப்பாடு போட்டாள். "யாரது, ஊட்டுக்குள்ள வெத்தலை எச்சலைத் துப்புனது?" தரையெல்லாம் சிவப்பாக ஒரு வரிசை. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே வந்தவள் என் இடது காலில் வந்து நின்றாள்.

காளைக்கு அடிக்கிற லாட ஆணி. செருப்பைத் துளைத்துக்கொண்டு பெருவிரலுக்குக் கீழே ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று தெரியவில்லை. குறடு வைத்து அவள்தான் பிடுங்கினாள்.

"வலிக்கலீங்களா?"

"ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு வலியா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆணியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் ஆணியைப் பார்த்தாள்.

உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியவே இல்லை. இந்த வரியை டாக்டர் படிக்க வேண்டியதில்லை.

பாதம்: இரண்டும் இருக்கின்றன. ஒன்றில் சின்ன ஓட்டை.

11.4.2020, சனி

ஓட்டை மூடவில்லை. மஞ்சள் வைத்தோம், கேட்கவில்லை. மாட்டுப் புண்ணுக்கு அடிக்கிற ஊதா மருந்து அலமாரியில் இருந்தது. இரண்டு அடி அடித்தேன். ஐந்நூறு கிலோ காளைக்குக் கேட்கிற மருந்து எழுபது கிலோவுக்குக் கேட்காதா?

நாச்சம்மாள் டப்பாவை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தாள். "கால்நடைகளுக்கு மட்டும்னு போட்டிருக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "செரி, அடிச்சுக்கங்க. பொருத்தமாத்தான் இருக்குது."

14.4.2020, செவ்வாய்

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தாள். சாஸ்திரத்துக்கு இரண்டு டம்ளர் குடித்தேன்.

மாரப்பன் போன் செய்தான். எடுக்கவில்லை. அடுத்த நிமிடம் நாச்சம்மாளின் போன் அடித்தது. அவள் கொல்லைப்புறம் போய்க் கால் மணி நேரம் பேசினாள். என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். மாரப்பன் தன் குட்டியானை லோடு வண்டியில் கோயமுத்தூருக்குப் பால் கேன் ஏற்றுகிறானாம். பாஸ் வாங்கிவிட்டானாம். சந்தை போனால் பால் என்று பிழைக்கிற சாமர்த்தியம் அவனுக்கு எப்போதும் உண்டு. விரலை மாற்றிப் பிடிக்கிற சாமர்த்தியத்தைப்போல.

கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பெருவிரலும் அடுத்ததும் கறுத்தாற்போல் இருக்கின்றன. ஊதா மருந்தின் நிறமாக இருக்கும்.

கண்மதிப்பு: 145. பாயசத்துக்கு ஐந்து கூட்டியிருக்கிறேன். பாதம்: இரண்டும் இருக்கின்றன.

19.4.2020, ஞாயிறு

சுகாதார நிலையத்து நர்ஸ் அமுதவல்லி வீடு வீடாக நோட்டோடு வந்தது. வாசல் கேட்டுக்கு வெளியேயே நின்று, மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டது.

"காய்ச்சல் இருக்குங்களா?"

"இல்லை."

"சளி, இருமல்?"

"இல்லை."

"வெளியூர் போனீங்களா? வெளியூர்லேர்ந்து யாராச்சும் வந்தாங்களா?"

"எங்கள் வீட்டுக்கு உள்ளூர்க்காரனே வருவதில்லை" என்றேன். இரண்டு காலையும் கட்டிலுக்கடியில் இழுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

நோட்டை மூடியது. அப்போது நாச்சம்மாள், "அம்மிணி, அந்த நோட்டுல காலைப் பத்திக் கேள்வி ஏதாச்சும் இருக்குதா?" என்றாள்.

"காலைப் பத்தி இல்லீங்களே."

"ஒண்ணு சேத்துக்க, சாமி. உள்ள வா."

பார்த்ததும் அந்தப் பெண் நோட்டைக் கீழே வைத்தது. குனிந்து முகர்ந்தது. பிறகு, "எத்தனை நாளாச்சுங்ணா?" என்றது.

"ரெண்டு நாள்" என்றேன்.

"பத்து" என்றாள் நாச்சம்மாள்.

"மாசாமாசம் சர்க்கரைக்காரங்க காலைப் பாக்கறதுக்குன்னே ஒரு நாள் வெச்சிருந்தேனுங்க. ஒரு மாசமா எனக்கு இந்த நோட்டுத்தான் வேலை. மாத்திரையாவது ரெண்டு மாசத்துக்குச் சேத்தே குடுக்கறமே, ஏன் வந்து வாங்கல?"

நான் காசு கொடுத்து வைத்தியம் பார்க்கிறவன் என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. முதல் சந்தையில் நாலு கிடாரிக்குக் கயிறு பிடித்துக் கை கிழிந்தபோது அந்தச் சுகாதார நிலையத்தில்தான் தடுப்பூசி போட்டுக்கொண்டேன்.

"நாளைக்குக் காலையிலயே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப் போட்டீங்கன்னா கால் போயிரும்" என்றது. முகத்துக்கு நேராக. அந்தப் பெண்ணிடம் எனக்கு மரியாதை வந்தது. குறையை மறைக்காமல் சொல்கிறவர்கள் எங்கள் தொழிலில் குறைவு.

20.4.2020, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். யாரையும் குறை சொல்ல எழுதவில்லை.

டிவிஎஸ்ஸில் நாச்சம்மாளைப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு இடத்தில் போலீஸ். காலைக் காட்டினேன், விட்டுவிட்டார்கள். அந்தக் கால் இன்று செய்த ஒரே நல்ல காரியம் அது.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கிபோல ஒன்றை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை. "இங்க இப்ப காய்ச்சல் மட்டுந்தாங்க பாக்கறோம். கட்டுப் போடற ஆளெல்லாம் அந்த வார்டுக்குப் போயாச்சு" என்றார் வாசலில் நின்றவர். அவரே மூன்று நாள் தூங்காதவர்போல் இருந்தார்.

முதல் தனியார் ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. இரண்டாவதில் டோக்கன் கொடுத்து, வெயிலில் வட்டம் போட்டு நிற்கவைத்தார்கள். வட்டத்துக்குள் நின்று நின்று பன்னிரண்டரை மணி. என் முறை வந்தது. மறுபடி துப்பாக்கி. நூறு புள்ளி ஆறு. வாட்ச்மேன் இரண்டடி பின்னால் போனார். "காய்ச்சல் இருக்குதுங்க. உள்ள விட முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனேன். காலையில் காய்ச்சல் இல்லாததால் விடாதவர்கள், மத்தியானம் காய்ச்சல் இருந்ததால் உட்கார நாற்காலியே கொடுத்தார்கள்.

"காய்ச்சல் கால்லேர்ந்து வருதுங்க" என்று மூன்று பேரிடம் சொன்னேன். மூன்று பேரும் மூக்கைத்தான் பார்த்தார்கள். மூக்குக்குள் குச்சி விட்ட பெண் முழுக் கவசத்துக்குள் வியர்வையில் மிதந்துகொண்டிருந்தது. "அப்பா, ரிசல்ட் வர்றவரைக்கும் யாரும் உங்களைத் தொட மாட்டாங்க. ஊட்டுக்குப் போய்த் தனியா இருங்க" என்றது.

"எத்தனை நாள்?"

"ரெண்டு, மூணு."

காலில் என்ன நடக்கிறதோ அது ரிசல்ட்டுக்குக் காத்திருக்குமா என்று கேட்க நினைத்தேன். அந்தப் பெண்ணிடம் கேட்டு என்ன பிரயோசனம்?

21.4.2020, செவ்வாய்

வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி, தகரம் அடைத்து, பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். ஊரே தெருமுனையில் நின்று பார்த்தது. "நம்ம கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேரு வந்து நிக்கல" என்றாள் நாச்சம்மாள்.

எங்களிடம் பால் வாங்குகிறவர்கள் இன்று வரவில்லை. கறந்த பாலைக் கன்றுகளுக்கே விட்டோம். கன்றுகள் மட்டும் இந்த நோயைப் பற்றிக் குறை சொல்வதில்லை.

பாதம்: இரண்டும் இருக்கின்றன.

23.4.2020, வியாழன்

குளிர்கிறது. சித்திரையில்.

25.4.2020, சனி

எழுதுவது நாச்சம்மாள். எட்டாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். டாக்டர் ஐயா தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இவர் இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாக அடிக்கிறது. என்னதான் எழுதியிருக்கிறார் என்று முதலிலிருந்து படித்தேன். திருத்தங்கள் இருக்கின்றன.

சித்திரை ஒன்றாம் தேதி பாயசம் இரண்டு டம்ளர் அல்ல, நாலு. "சாப்பாடு அளவாக" என்பது யாருடைய அளவு என்று எழுதவில்லை. வெல்லக் காப்பியைப் பற்றி எங்கும் ஒரு வார்த்தை இல்லை. பாதத்தை இவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. "இரண்டும் இருக்கின்றன" என்று கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதுகிறார். மாடு வாங்கினால் முதலில் குளம்பைப் பார்க்கிற மனுஷன்.

இன்று ரிசல்ட் வந்தது. நோய் இல்லையாம். சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. 108-க்குப் போன் செய்தேன். வண்டியெல்லாம் காய்ச்சல்காரர்களோடு போயிருக்கிறதாம், நேரம் ஆகும் என்றார்கள். இரண்டு விரலும் கரியாகிவிட்டன. சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறுகிறது. நாளையிலிருந்து கோயமுத்தூரில் நாலு நாள் முழு ஊரடங்காம்.

மாரப்பண்ணனுக்குப் போன் செய்தேன். இவரைக் கேட்கவில்லை. வெங்காயம் உரித்தபோது சுண்டுவிரலில் வெட்டுப்பட்டது தெரியாமல் இருந்ததையும் சொன்னேன். எந்தக் கைச் சுண்டுவிரல் என்று கேட்டார். பிறகு, "காலையில வர்றனுங்க அக்கா" என்றார்.

பாதம்: இரண்டும் இருக்கின்றன. எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

26.4.2020, ஞாயிறு

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். டைரியை நாச்சம்மாள் எடுத்து வந்திருக்கிறாள். எனக்கு மாற்று வேட்டி எடுத்துவர மறந்துவிட்டாள்.

காலையில் கண் திறந்தால் மாரப்பன் தகரத்தைத் தாண்டிக் குதித்து நிற்கிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்க பேச வேண்டாமுங்ணா. ஏறிப் படுங்க போதும்."

பதினாலு வருடமாக நாங்கள் மாடு ஏற்றிய வண்டி. பின்னால் வைக்கோல் பரப்பி, பால் கேன்களுக்கு நடுவில் என்னைப் படுக்கவைத்தான். நாச்சம்மாள் முன்னால் ஏறிக்கொண்டாள். மாட்டுக்குப் போடுகிறமாதிரி குறுக்கே ஒரு கயிறும் கட்டினான், உருளாமல் இருக்க. செக்போஸ்டில் போலீஸ்காரர் பின்னால் எட்டிப் பார்த்து, "இது பாலா?" என்று கேட்டார்.

"பாலுக்குச் சொந்தக்காரருங்க" என்றான் மாரப்பன்.

இந்த ஆஸ்பத்திரியில் ரிசல்ட் பேப்பரைப் பார்த்ததும் உள்ளே விட்டார்கள். அந்தப் பேப்பருக்காக ஐந்து நாள் காத்திருந்த காலையும் பார்த்தார்கள். ஊசி, பாட்டில், ரத்தம். சர்க்கரை 412. கண்மதிப்பில் கொஞ்சம் பிசகியிருக்கிறேன்.

வராந்தாவில் பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். மாரப்பன் பக்கத்தில் வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, தோளிலிருந்து துண்டை எடுத்தான்.

"கையைக் குடுங்ணா."

"இங்க என்னடா வியாபாரம்?"

"குடுங்க, சொல்றேன்."

துண்டுக்கடியில் என் கையைப் பிடித்தான். "எத்தனைங்ணா?"

"மூணு."

துண்டை எடுத்தான். நாலு விரலையும் பிடித்திருந்தான். என் சுண்டுவிரல் அவன் பிடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததால்தான் தெரிந்தது.

துண்டை வாங்கி மடித்து அவன் தோளில் போட்டேன். பிறகு, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"கடையெல்லாம் பூட்டிக் கெடக்குதுங்ணா."

"தொறந்ததும் குடிக்கலாம்."

"செரிங்ணா."

28.4.2020, செவ்வாய்

அறுவை டாக்டர் வந்தார். பெயர் இலக்கியா. முப்பது வயது இருக்கலாம். என் பெண்ணாக இருந்தால் இன்னும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பேன். கவசத்துக்குள் கண் மட்டும் தெரிந்தது.

"அப்பா, பெருவிரலும் அடுத்ததும் செத்துப் போச்சு. நாளைக்கு எடுத்தாகணும். ரெண்டு."

நான் இத்தனை வருடத்தில் முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. "ஒண்ணு எடுங்க. இன்னொண்ணு ஒரு வாரம் பாக்கலாம்" என்றேன்.

"ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா அஞ்சு சொல்லுவேன். அதுக்கப்புறம் கேட்டா முழங்காலுக்குக் கீழே மொத்தமும். இந்த விலை ஏறிட்டேதான் போகும், இறங்காது."

இப்படிப் பேசுகிற தரகரை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. கறார். ஆனால் பொய் இல்லை.

"மொதல்லயே வந்திருந்தா?"

"கட்டுப் போட்டு, மாத்திரை குடுத்து அனுப்பியிருப்பேன்." டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "இந்த மாசம் மட்டும் உங்களை மாதிரிப் பதினோரு பேர். நெஞ்சு வலியை வாயுன்னு நெனச்சு நாலு நாள் வீட்டிலேயே இருந்தவர் ஒருத்தர். டயாலிசிஸுக்குப் பஸ் இல்லாம நடந்தே வந்த அம்மா ஒருத்தர். கொரோனாவுக்குப் பயந்து எல்லாருமே வேற எதையோ வளர்த்துட்டு வர்றாங்க. ரெண்டு பேரு வந்தும் பிரயோசனமில்லாமப் போச்சு. நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

 ஒரு கால் போனால் சந்தையில் நான் என்ன ஆவேன்? மாட்டைச் சுற்றி வராமல் மாடு பார்க்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து விலை சொல்கிறவனுக்கு எந்த மாடும் குளம்பைக் காட்டாது. இதை டாக்டரிடம் சொல்லவில்லை. "எங்க வழக்கப்படி பேசி முடிச்சுக்கலாமுங்களா?" என்று துண்டை எடுத்தேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. நாச்சம்மாள் விளக்கினாள். விற்கிறவர் விரலைப் பிடிப்பதும், தலையாட்டுவதும், துண்டை எடுத்தபின் பேச்சில்லை என்பதும், ஒன்று விடாமல். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. எங்கள் சந்தைக்குள் பொம்பளைகள் வருவதே இல்லை. "உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"யாரு சொல்லோணும்? முப்பத்திரண்டு வருசமா தூக்கத்துல என் கையைப் புடிச்சுத்தானுங்களே வியாபாரம் பண்றீங்க. நேத்துக்கூட நாப்பத்தாறுக்கு ஒரு மாட்டை என் தலையில கட்டுனீங்க" என்றாள்.

டாக்டர் சிரித்ததில் முகத்துக்கு முன்னால் இருந்த கண்ணாடி பனி பிடித்துவிட்டது. புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, துண்டுக்கடியில் கையைக் கொண்டுவந்தார். என் விரலைப் பிடித்தார். நான் கண்ணை மூடிக் கவனித்தேன். ஒரு விரல். நன்றாகத் தெரிந்தது, மோதிர விரல். ஒன்றே ஒன்று.

இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

துண்டை எடுத்தோம். மோதிர விரலோடு சேர்த்துச் சுண்டுவிரலையும் பிடித்திருந்தார்.

"எந்த விரல் மரத்துப் போயிருக்குன்னு அவர் சொன்னார்" என்று கதவுப்பக்கம் காட்டினார். மாரப்பன் கூரையில் ஏதோ விட்டுப்போன மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வாயைத் திறந்தேன்.

"துண்டை எடுத்தாச்சுங்க" என்றாள் நாச்சம்மாள்.

6.5.2020, புதன்

அறுவை முடிந்து ஒரு வாரம். இன்று காலை கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் இலக்கியா குனிந்து, அமுதவல்லி செய்த மாதிரியே முகர்ந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சுத்தம்" என்றார். செவலைப் பசுவின் குளம்பைப் பார்த்துவிட்டு நானும் அதைத்தான் சொன்னேன். நாச்சம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைத் துடைத்தாள். சளியா என்று கேட்டேன். இந்தக் காலத்தில் கேட்க வேண்டிய கேள்விதானே. அடிக்க வந்தாள்.

சந்தை எப்போது திறக்கும் என்று தெரியவில்லை. திறந்தாலும் துண்டு போடக் கூடாது, தள்ளி நின்று வாயால்தான் விலை பேச வேண்டும் என்பார்களாம். மாரப்பனுக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை, காது இன்னும் நன்றாகவே கேட்கிறது. மறுபடி துண்டு வரும் நாளில் கை அவனுடையது, கண் என்னுடையது, லாபத்தில் பாதிப் பாதி என்று பேசிக்கொண்டோம். பழைய ஆயிரத்தைப் பற்றி நான் பேச்செடுத்தேன். "எதுங்ணா?" என்றான். அவன் சாமர்த்தியசாலிதான்.

டாக்டர் இலக்கியாவிடம் பேசி முடித்தது இது. மாத்திரை நாளைக்கு இரண்டு, பாதியாக்கக் கூடாது. அமுதவல்லியிடம் மாதம் ஒருமுறை காலை நீட்ட வேண்டும். தினமும் பாதத்தைக் கண்ணாடியில் பார்த்த பிறகே எழுத வேண்டும். நாச்சம்மாள் பக்கத்தில் கையெழுத்துப் போடுவாள். மாட்டு மருந்து மாட்டுக்கு. விலை, இடது காலில் இரண்டு விரல்.

சர்க்கரை: 171, மெஷினில் பார்த்தது. சாப்பாடு: இரண்டு இட்லி, காப்பி, வெல்லம் போட்டது, அரை டம்ளர். பாதம்: பார்த்துவிட்டேன். இரண்டும் இருக்கின்றன.